இருபதாவது கூடு

பெருக்கும்போது துடைப்பம் எதிலோ இடித்தது. அப்படித்தான் அது என் கண்ணில் பட்டது.

யோகராசாவின் வேலை மேசைக்கு அடியில், சுவரை ஒட்டி, ஒரு பெரிய பால்பவுடர் டின். மூடி இறுக்கி அடைத்திருந்தது. வெளியே இழுத்து ஆட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. ஆனால் கனமாக இருந்தது. இவ்வளவு கனம் சத்தமே போடாமல் இருக்கிறது என்றால், அது சத்தம் போடக் கூடாது என்று யாரோ பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது.

மூடியை நெம்பித் திறந்தேன். உள்ளே ஒரு பழைய பனியன் துணி. அதன் மடிப்புகளுக்குள், ஒன்றோடு ஒன்று உரசாமல், ரைபிள் தோட்டாவின் காலிப் பித்தளைக் கூடுகள். எண்ணினேன். இருபது.

ஒன்றை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தேன். நான் தினமும் பிரித்து நீலத் தொட்டியில் போடும் கூடுகளில் இருக்கும் அதே எழுத்து, அதே எண். ஆனால் வாயை ஒட்டிய கழுத்துப் பக்கம் மட்டும் சூடு காட்டிய நிறம், நீலமும் ஊதாவுமாக.

மதியச் சாப்பாட்டு நேரம். ஷெட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளங்கை வியர்த்து, பித்தளை வாசனை விரல்களில் ஏறிவிட்டது.

இந்த ஆள் என்னவோ செய்கிறார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மனைவியிடம் சொல்லாத வேலை

சவூதியில் ஜுபைல் கேம்ப்பில் சாரம் கட்டியதையும், அங்கே என் முதுகு பிடித்துக்கொண்டதையும் முந்தைய வாரங்களில் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு ஷார்ஜா. ரோலாவில் ரூம். வேலை ஊருக்கு வெளியே, மணலுக்கு நடுவில், துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில்.

"கிளப்ல வேலை" என்று போனில் சொன்னதும் "என்ன மாதிரி கிளப்பு?" என்றாள் என் மனைவி. "அந்த மாதிரி கிளப் இல்ல, துப்பாக்கி சுடுற கிளப்" என்று விளக்கினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அடுத்த வாரம் "ஸ்டோர்ல வேலை" என்று மாற்றிச் சொன்னேன். இன்றுவரை வீட்டில் அதுதான் நிற்கிறது.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. உறுப்பினர்கள் குறிபார்த்துச் சுடுவார்கள். குண்டு போய்விடும், அது செருகியிருந்த பித்தளைக் கூடு பக்கத்தில் தெறித்து விழும். அதைக் கூட்டி வாளியில் அள்ளி, வகை வகையாகப் பிரித்து, வெடிப்பு கண்டதை ஒதுக்கி, நல்லதைக் கழுவித் தட்டில் அடுக்க வேண்டும். தட்டு லோடிங் ரூமுக்குப் போகும். அங்கே ஒரு நேபாளி அவற்றை மெஷினில் வைத்து மறுபடி தோட்டாவாக்குவார். அதற்கு உண்டான அனுமதிக் காகிதம் வாசலிலேயே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

எங்கள் சூப்பர்வைசர் நசீர் பாய். ஹைதராபாத்காரர். முதல் நாள் அவர் எனக்கு நடத்திய பாடம் ஒரே வரி. "நீச்சே தேக்கோ, டப்பே மே டாலோ." அடியைப் பார், தொட்டியில் போடு. ஒவ்வொரு கூட்டின் அடியிலும் எண்ணும் எழுத்தும் வட்டமாக அச்சாகியிருக்கும். ஒரு எண்ணுக்கு நீலத் தொட்டி, இன்னொன்றுக்குப் பச்சை, மற்றதற்குச் சிவப்பு. பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது போதுமானதாக இருந்தது. கூட்டின் வடிவத்தையும் பார் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீயில் சர்க்கரை போடாமல் கொடுத்துவிட்டாலும் கேட்காமல் அப்படியே குடித்துவிட்டு வருகிறவன் நான்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு காலிக் கூடுகூட கேட்டைத் தாண்டக் கூடாது. இந்த நாட்டில் அது விளையாட்டுச் சமாசாரம் இல்லை.

சேர்ந்த புதிதில் ஒரு சாயங்காலம், ரோலா பஸ்ஸில் உட்கார்ந்து பேண்ட் மடிப்பில் இருந்த மணலைத் தட்டினேன். விரலில் ஏதோ இடறியது. ஒரு கூடு. கேட்டில் தடவிப் பார்த்தவர் கைக்கும் தப்பி வந்திருக்கிறது. எதிர் சீட்டுப் பெண் என்னையே பார்ப்பது போலிருந்தது; உண்மையில் அவள் பார்த்தது என் தலைக்கு மேல் இருந்த ஸ்டாப் பெயர்களை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ் பிடித்து, மூடிய கையைத் திறக்காமலே கேட்டுக்குத் திரும்பினேன். செக்யூரிட்டி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை எடுத்தார். "இந்த ஒண்ணுக்காகவா திரும்பி வந்தே?" என்று ஹிந்தியில் கேட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுத்தான் வேலை செய்தேன்.

அப்படிப்பட்டவன் கையில் இருபது.

மேசையைச் சுற்றிய திரை

யோகராசா யாழ்ப்பாணத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். அவர் என்னை "அண்ணை" என்பார், நான் அவரை "அண்ணே" என்பேன். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. கூடுகளைச் சரிபார்ப்பதும், நெளிந்ததை அச்சில் அழுத்தி நிமிர்த்துவதும் அவர் வேலை. ஷெட்டின் மூலையில் அவருக்கு ஒரு மேசை, ஒரு கை அச்சு, ஒரு சின்ன கேஸ் விளக்கு, தண்ணீர் ஊற்றிய ஒரு தட்டு.

மேசையைச் சுற்றி ஒரு கறுப்புத் திரை. அதுதான் என்னை உறுத்தியது. பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு, லைட்டையும் அணைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து அந்தக் கேஸ் விளக்கைக் கொளுத்துவார். திரையின் ஓரத்தில் நீல வெளிச்சம் தெரியும். பிறகு "சுர்ர்" என்று தண்ணீர் சத்தம்.

ஒருநாள் துணிந்து கேட்டேன். "ஏண்ணே இருட்டுல உக்காந்து வேலை பாக்குறீங்க?"

"வெளிச்சத்தில நிறம் தெரியாது அண்ணை. கழுத்து லேசாச் சிவக்கிற நேரம் பாத்து எடுக்க வேணும். கூடச் சிவந்தால் பித்தளை செத்துப்போம். இளக்காமல் அமத்தினால் வெடிச்சுப்போம்."

பதில் சரியாகத்தான் இருந்தது. இவ்வளவு சரியாக ஒருவர் பதில் சொல்கிறாரே என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

ரூமில் செல்வராஜ் வேறு இருந்தான். பெரம்பலூர் பக்கம். பெயிண்டர். எதையும் தெரிந்தவன் போலப் பேசுவான். "என்னண்ணே, யாழ்ப்பாணத்துக்காரரு தோட்டா வேலை பாக்குறாரா? அங்க அவங்களுக்கு அது கைவந்த கலைண்ணே. நீங்க ஒண்ணும் தெரியாத அப்புராணி. நாளைக்கு போலீஸ் வந்தா அவரு எஸ்கேப்பு, பக்கத்துல பல்லக் காட்டிக்கிட்டு நின்ன நீங்க உள்ள."

"சும்மா இருடா" என்றேன். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டது. யோகராசா ஊரைப் பற்றிப் பேசமாட்டார். பேசாததை எல்லாம் நானாக இட்டு நிரப்பினேன். அவர் நடப்பது ஒரு மாதிரி, அவர் கதவைப் பார்த்தே உட்கார்வது ஒரு மாதிரி. ஒரு ஆளைச் சந்தேகப்படலாம் என்று முடிவு செய்துவிட்டால், அவர் தண்ணீர் குடிப்பதுகூட ஒரு மாதிரியாகத்தான் தெரியும்.

அடியைப் பார், தொட்டியில் போடு

டின்னை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.

நசீர் பாயிடம் சொல்லலாம். ஆனால் சொல்ல வேண்டும் என்றால் பேச வேண்டும், அதுவும் ஹிந்தியில். யோகராசா "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டால் டின் இருப்பது என் கையில். யோகராசாவிடமே கேட்கலாம். கேட்டால் அவர் என்ன செய்வாரோ? செல்வராஜின் குரல் காதுக்குள் கேட்டது.

கடைசியில், யாரிடமும் பேசத் தேவையில்லாத வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். இவை நீலத் தொட்டியில் இருக்க வேண்டியவை. யாரோ எடுத்து ஒளித்திருக்கிறார்கள். இருந்த இடத்தில் திரும்பப் போட்டுவிட்டால் தப்பு சரியாகிவிடும். எடுத்தவருக்கும் ஒரு எச்சரிக்கை.

அடியைப் பார்த்தேன். நீலத் தொட்டி. இருபதையும் கொட்டிக் கையால் கலக்கிவிட்டேன். பனியன் துணியை மடித்து வைத்து டின்னை மூடி, பழைய இடத்திலேயே தள்ளிவிட்டேன். எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் நீலத் தொட்டியின் மேலாக ஒரு தட்டு அள்ளி, கழுவி, லோடிங் ரூமில் கொண்டுபோய் வைத்தேன். அன்று திங்கட்கிழமை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தட்டு எத்தனை மணிக்குப் போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் அதைக் காலையில் வந்தவுடனேயே எழுதி வைத்துவிடுவேன், பத்து மணி என்று. இங்கிலீஷில் எழுதும்போது யாராவது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால் எனக்குக் கை ஓடாது. அதனால் மற்றவர்கள் வருவதற்கு முன்பே எழுதி முடித்துவிடுவது வழக்கம். தட்டு எத்தனை மணிக்குப் போனாலும் தாளில் பத்து மணிதான். அதுவரை அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்லை.

"ஆரும் வந்தவையோ?"

மறுநாள் காலை யோகராசா திரைக்கு வெளியே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணை, ஒரு விசயம் கேக்கட்டோ?"

"சொல்லுங்கண்ணே."

"என்ர மேசைக்குக் கீழ ஆரும் வந்தவையோ? நேற்று மத்தியானத்துக்குப் பிறகு?"

நான் வாளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

"நான் பாக்கலியேண்ணே."

"வடிவா யோசிச்சுப் பாருங்கோ. ஆரும் குனிஞ்சு ஏதும் எடுத்தவையோ?"

"இல்லண்ணே. எனக்குத் தெரியாது."

அவர் திரையை ஒரு கையால் விலக்கினார். பிறகு, "சரி அண்ணை, வேற ஒருத்தரிட்டயும் சொல்லாதேங்கோ" என்று உள்ளே போய்விட்டார்.

பார், யாரிடமும் சொல்லாதே என்கிறார் என்று நினைத்தேன். மடியில் கனம் இல்லாதவர் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? என் சந்தேகம் அன்று முழுதாகக் கெட்டிப்பட்டுவிட்டது. நான் சொன்ன பொய்யைவிட அவர் கேட்ட கேள்விதான் தப்பாகத் தெரிந்தது.

தார்ப்பாயில் கொட்டிய பித்தளை

புதன்கிழமை காலை லோடிங் ரூமிலிருந்து நேபாளி ஒரு கூட்டைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். தட்டுக்கு நாலைந்து கூட்டை மட்டும் எடுத்து அளவு பார்க்கும் கருவியில் அது உட்காரவில்லை. அடியில் எண் சரியாக இருக்கிறது, ஆனால் தோள் இறங்கியிருக்கிறது என்றார். கூட்டின் உடம்பு ஒடுங்கிக் கழுத்தாகிற இடத்தைத்தான் அங்கே தோள் என்பார்கள்.

நசீர் பாய் அதை வாங்கிப் பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது. சுடும் மைதானத்தை மூடச் சொன்னார். நீலத் தொட்டியைத் தார்ப்பாயில் கவிழ்த்தார்கள். நாங்கள் எல்லோரும் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நானும் பார்த்தேன். எதைத் தேடுகிறோம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை.

தேடிக்கொண்டிருக்கும்போதே நசீர் பாய் யோகராசாவைப் பார்த்துக் கத்தினார். "டப்பாவில் மூடித் தனியா வை, தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதே என்று நான்தானே சொன்னேன்? கைகூ மிலாயா ரே? ஏன் கலந்தாய்?"

"கலக்கவில்லை பாய். டப்பாவில்தான் வைத்தேன்."

"அப்போ காலிக் கூட்டுக்குக் கால் முளைத்து நடந்து போனதா?"

என் கை நின்றது.

அவர்கள் பேச்சிலிருந்து அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அபூ சைஃப் என்று ஒரு வயதான உறுப்பினர். எப்போதும் எனக்குக் கை கொடுத்துப் போகிற ஒரே எமிராத்தி. அவரிடம் தாத்தா காலத்து ரைபிள் ஒன்று லைசென்ஸோடு இருக்கிறது. அதற்கான தோட்டாவை இப்போது யாரும் செய்வதில்லை. அதனால் நீலத் தொட்டி வகைக் கூடுகளை எடுத்து, கழுத்தை இளக்கி, அச்சில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, அந்தப் பழைய ரைபிளுக்கான வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலையை நசீர் பாயே யோகராசாவிடம் கொடுத்திருக்கிறார். வேலை பாதியில் நிற்கிறது. வடிவம் மாறினாலும் அடியில் இருக்கும் அச்செழுத்து மாறாது. அடியை மட்டும் பார்க்கிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் டின், அதனால்தான் இறுக்கிய மூடி. வாய் நசுங்காமல் இருக்கத்தான் பனியன் துணி.

அவர் எதையும் ஒளிக்கவில்லை. என் மாதிரி ஒருவன் கையில் படாமல் பத்திரமாக வைத்திருந்தார். அந்த விவரத்தைத்தான் கூடு பொறுக்குகிறவனிடம் ஒருவரும் சொல்லவில்லை.

நேபாளி கொண்டுவந்ததையும் சேர்த்து, பதினொரு மணிக்குப் பத்தொன்பது கிடைத்துவிட்டன. இன்னொன்று கிடைக்கவில்லை. வெயில் ஏறி, தார்ப்பாய் சுடத் தொடங்கியது. மூன்று முறை புரட்டிவிட்டோம்.

நசீர் பாய் தட்டு போன நேரம் எழுதும் தாளை எடுத்தார். செவ்வாய்க்கிழமைத் தட்டிலிருந்து செய்த தோட்டாக்களை எல்லாம் பெட்டி திறந்து பார்த்தார்கள். இல்லை. திங்கட்கிழமைத் தட்டு பத்து மணிக்கே போய்விட்டது என்றது தாள். அன்று பன்னிரண்டு மணிக்கு யோகராசா டின்னைத் திறந்து இருபதையும் நசீர் பாயிடம் காட்டியிருக்கிறார். ஆகவே திங்கள் தட்டில் அது இருக்க வழியில்லை என்று அந்தப் பெட்டிகளை விட்டுவிட்டார்கள்.

"வெளியே போய்விட்டது" என்றார் நசீர் பாய். இப்போது அவர் கத்தவில்லை. "நாலு மணிக்குள் கிடைக்காவிட்டால் நான் ரிப்போர்ட் அனுப்பியாக வேண்டும். உன் பெயரில்தான் அனுப்ப முடியும், யோகா."

படிக்கட்டில்

ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு சிமெண்ட் படிகள். யோகராசா அங்கே உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"மனிசியும் ரெண்டு பெட்டையளும் கனடாவில அண்ணை. ஆறு வருசம்" என்றார். "போன மாசம்தான் கடிதம் வந்தது. பொலிஸ் சேர்டிபிக்கற் மட்டும் குடுத்தால் விசா முடிஞ்சுது."

நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப என்ர பேரில ஒரு ரிப்போட் போனால் அங்க பைலை மூடிப்போடுவாங்கள். இஞ்சயிருந்து ஏத்தி அனுப்பினால் கொழும்பில இறங்கேக்க என்ன நடக்கும் தெரியுமோ? யாழ்ப்பாணத்தான், துவக்குக் கோது. இந்த ரெண்டு சொல்லே காணும். மிச்சத்தை அவங்களே எழுதிப்போடுவாங்கள்."

துவக்கு என்றால் துப்பாக்கி, கோது என்றால் காலிக் கூடு. அவர் சொன்ன அதே இரண்டு சொல்லை வைத்துத்தான் நானும் மிச்சத்தை எழுதியிருந்தேன்.

"நசீர் பாய்தான் எடுத்து ஆருக்கும் காட்டக் கொண்டு போட்டாரோ எண்டு முதல்ல நினைச்சன். அதுதான் உங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னனான். சூப்பர்வைசரைச் சந்தேகப்பட்டதெண்டு தெரிஞ்சால் பிரச்சினையெல்லோ."

அந்தப் பாட்டிலை அவர் திறக்கவே இல்லை. மூடியைத் திருகுவதும் விடுவதுமாக இருந்தார். உள்ளே நேபாளி தோட்டாப் பெட்டிகளை வண்டியில் ஏற்றும் சத்தம் கேட்டது. நாளைக் காலைப் பயிற்சிக்கான பெட்டிகள். சுட வரப்போவது அபூ சைஃபின் மகன்.

திங்கட்கிழமைப் பெட்டிகள்.

தோள் இறங்கிய கூடு ரைபிளுக்குள் சரியாக உட்காராது, சுடும்போது பின்பக்கம் கிழிந்து முகத்தில் அடிக்கலாம் என்று நசீர் பாய் காலையில் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் ஒருவர் ஊருக்குப் போவார். இன்னொருவர் கண் போகலாம். திறந்தால் நான் போவேன்.

இதை ஏதோ தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். எழுந்து நடந்தவன் முதலில் பாத்ரூமுக்குப் போய்விட்டுத்தான் ஆபீசுக்குப் போனேன்.

ஆபீஸ் அறை

அறையில் நசீர் பாயும் அபூ சைஃபும் இருந்தார்கள். கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். ரிப்போர்ட் தாள் மேசையில், பாதி எழுதிய நிலையில்.

"பாய்" என்றேன். வாசலை விட்டு நகராமல் நின்றேன்.

"க்யா ஹை? ஜல்தி போல்." என்ன, சீக்கிரம் சொல் என்றார்.

"டப்பா மே நே கோலா."

டின்னை நான்தான் திறந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு என் ஹிந்தி தீர்ந்துவிட்டது. மிச்சத்தைத் தமிழிலும் கையிலும் சொன்னேன். கொட்டியதைக் காட்டினேன், கலக்கியதைக் காட்டினேன். தாளை எடுத்துப் பத்து மணி என்ற என் எழுத்தைத் தொட்டு, தலையை ஆட்டி, சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரையைக் காட்டினேன்.

நசீர் பாய் எழுந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டி ஓடினார்.

வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கினார்கள். ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து அளவுக் கருவியில் வைத்தார்கள். அபூ சைஃபும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கத் தொடங்கினார். ஏழாவது பெட்டியில் நேபாளியின் கை நின்றது. "யே" என்றார், இதுதான் என்று.

மற்றவற்றுக்கு நடுவில் வைத்தால் எனக்கு இப்போதும் வித்தியாசம் தெரிந்திருக்காது. அவ்வளவு கொஞ்சம்.

அபூ சைஃப் அதை வாங்கிப் பார்த்தார். மகனின் பெயரை மெதுவாகச் சொன்னார். பிறகு நசீர் பாயைப் பார்த்து, "கலாஸ். ரிப்போர்ட் மாஃபி" என்றார். முடிந்தது, ரிப்போர்ட் வேண்டாம். கூடு கேட்டைத் தாண்டவில்லை, அதனால் வெளியே அனுப்பக் காகிதம் இல்லை. அவர் என் பக்கம் திரும்பவில்லை. அன்று போகும்போது எனக்குக் கை கொடுக்கவும் இல்லை.

யோகராசா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார்.

"அப்ப நேற்று நான் கேட்ட நேரம்..."

"பொய் சொல்லிட்டேண்ணே."

"நான் உங்களிட்ட மட்டும்தான் அண்ணை கேட்டனான்."

நான் கீழே கிடந்த காலிப் பெட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்தேன்.

"டின்னைக் கண்ட உடன ஏன் என்னட்டக் கேக்கேல்ல?"

"பயமா இருந்துச்சுண்ணே. ரூம்ல ஒரு பய ஏதேதோ சொன்னான். நீங்க அங்கேருந்து வந்தவரு, இதெல்லாம் பழகினவரா இருக்கும்னு..."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"நான் ஊரில சைக்கிள் கடை வச்சிருந்தனான். காத்தடிக்கிறது, பஞ்சர் ஒட்டுறது. அவ்வளவு சண்டைக்குள்ளயும் துவக்கொண்டைக் கையால தொடேல்ல. முதல் முதல் தொட்டது இஞ்ச, சார்ஜாவில. யூனிபோர்ம் போட்டு, டியூட்டி அட்டை அடிச்சு."

ஒரு மாதம் கழித்து

கிளப்பின் பதிவேட்டில் என் பெயர் ஏறியது. ஒரு மாதம் என்னை மைதானத்தின் மறுகோடிக்கு அனுப்பினார்கள். சுட்டுக் கிழிந்த இலக்கு அட்டைகளில் காகிதத் துண்டு ஒட்டும் வேலை. உதடு வெடிக்கிற வெயில். வேலையிலிருந்தே நிறுத்தாமல் விட்டதற்கு யார் காரணம் என்று நான் கேட்கவில்லை. நசீர் பாயாக இருக்கும். யோகராசாவாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அங்கே இருக்கும்போது ஒருநாள் வழக்கமில்லாத சத்தம் கேட்டது. கனமாக, மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் நிறைய நேரம் விட்டு. அபூ சைஃபின் பழைய ரைபிள். பத்தொன்பது முறை. அந்த அட்டையை இறக்கியதும் நான்தான். குண்டுகள் எல்லாம் ஓரத்தில் பட்டிருந்தன. நடுவில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்த அட்டையைக் கிழவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம்.

திரும்ப ஷெட்டுக்கு வந்த நாளில் முதலில் கண்ணில் பட்டது யோகராசாவின் மேசை. கறுப்புத் திரை அப்படியே இருந்தது. அடியில் டின் இல்லை. அந்த இடத்தில் இரும்புப் பெட்டி ஒன்று, அதில் புத்தம்புதுப் பூட்டு. ரோலாவில் அவர் கைப்பணத்தில் வாங்கியது என்று நேபாளி சொன்னார்.

சாப்பாட்டு மணி அடித்தது. யோகராசா வேலையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். நிமிர்ந்தவர், நான் துடைப்பத்தோடு நிற்பதைப் பார்த்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

"குறை நினையாதேங்கோ அண்ணை" என்றார்.

"இல்லண்ணே. பூட்டுங்க."

அவர் சாவியைப் பைக்குள் போட்டார்.

"ஒரு தடவை இழுத்தும் பாத்துருங்கண்ணே" என்றேன்.

அவர் குனிந்து இழுத்துப் பார்த்தார். பிறகு சாப்பிடப் போனார். நான் மேசையைச் சுற்றிப் பெருக்கிவிட்டு, அடியில் துடைப்பம் போடாமல் திரும்பினேன்.